சுருளும் நாக்கும் உங்கள் பாடமும்

என் அன்பான ஸ்டெல்லா அப்பாவுக்கு,

இப்படித்தான் கூப்பிடுவேன். கல்லறைக்குள் கிடந்துகொண்டு "சார்னு கூப்பிடு" என்று இனி உங்களால் அதட்ட முடியாது.

உங்கள் பேத்தி ரெஜினா கும்பகோணத்தில் உயிரியல் படிக்கிறாள். போன ஞாயிறு பூசை முடிந்து வந்தவள், சாப்பிட உட்கார்ந்த இடத்தில் நாக்கைக் குழல் மாதிரிச் சுருட்டி எனக்குப் பழிப்புக் காட்டினாள். அப்படியே அவள் அம்மா ஸ்டெல்லாவின் நாக்கு. சோறு போட்டுக்கொண்டே கேட்டேன்.

"அப்பா அம்மா ரெண்டு பேருக்கும் சுருளலன்னா பிள்ளைக்கும் சுருளாதாமேடி?"

"யாரு சொன்னா அம்மாச்சி? ஒரே கருவுல உண்டான ரெட்டைப் பிள்ளைங்கள்லயே ஒண்ணுக்குச் சுருளும், இன்னொண்ணுக்குச் சுருளாது. அந்தப் பாடமே தப்பு. இன்னமும் சில புத்தகத்துல அப்படியே கெடக்கு."

"உங்க தாத்தா சொன்னாரு."

"பாவம் தாத்தா. படிச்சதச் சொல்லிருப்பாரு."

பாவமாம். நீங்களாம்.

நாற்பத்தொரு வருஷத்துக்கு முன்னால், ஒரு செவ்வாய்க்கிழமை. வாளை மீன் குழம்பு வைத்திருந்தேன். பத்தாம் வகுப்புக்கு அந்த நாக்குப் பாடத்தை நடத்திவிட்டு வந்தீர்கள். ஒன்பது வயது ஸ்டெல்லா உங்கள் மடியில் ஏறி நாக்கைச் சுருட்டினாள். அவளை இறக்கிவிட்டு என்னைக் கூப்பிட்டீர்கள்.

"நாக்க நீட்டு. சுருட்டு."

விளையாட்டு என்று நினைத்து நீட்டினேன், சிரித்துக்கொண்டே. வரவில்லை. உங்களுக்கும் வராது.

"இவ வயித்துல வர்றதுக்கு முன்னாடி, அறுப்புக்குன்னு உங்க அம்மா வீட்டுல எத்தன நாள் இருந்த?"

கேள்வி எனக்குப் புரியவே ஒரு நாழி ஆனது. புரிந்ததும் பைபிள் மேல் கை வைத்தேன். நீங்கள் பாடப்புத்தகத்தைத் திறந்து காட்டினீர்கள். "இதுல தப்பு வராது" என்றீர்கள். அஞ்சாம் வகுப்போடு நின்றவள் நான், அதற்குமேல் என்ன பேசுவேன்?

அப்புறம் அவளை உங்கள் சைக்கிளில் நீங்கள் ஏற்றவில்லை. "ஸ்டெல்லா அப்பா" என்று நான் கூப்பிட்டால்கூட "சார்னு கூப்பிடு" என்று அதட்டினீர்கள். அவள் கல்யாணத்தில் பீடம்வரை கைபிடித்துக் கூட்டிப்போக வேண்டியவர், முட்டி வலி என்று பெஞ்சில் உட்கார்ந்துகொண்டீர்கள். என் தம்பி கூட்டிப்போனான். அன்று சாயங்காலமே பந்தியில் நின்று பரிமாறினீர்களே, அந்த முட்டிக்கு என்ன ஆனது? கடைசிப் படுக்கையில் அவள் ஊட்டிய கஞ்சிக்குக்கூட வாயைத் திறக்கவில்லை. நர்ஸ் கொடுத்தால் குடித்தீர்கள்.

"அப்பாவுக்கு எம்மேல என்னம்மா கோவம்?" இன்றைக்கும் கேட்கிறாள். ஐம்பது வயதாகிறது அவளுக்கு. அவர் சுபாவம் அப்படி என்று ஒவ்வொரு முறையும் உங்களைக் காப்பாற்றினேன். என் மானத்துக்குப் பயந்தேன் என்பதும் உண்மைதான்.

ஒருநாள், ஒரே ஒருநாள், அது தப்பாக இருக்குமோ என்று தோன்றியதா உங்களுக்கு? கேட்பதற்குத் தஞ்சாவூரில் பெரிய படிப்புப் படித்தவர்கள் இல்லையா? புத்தகம் எழுதியவர்மேல் எனக்குக் கோபமில்லை. அவர் என் முகத்தைப் பார்த்ததில்லை. நீங்கள் பார்த்தீர்கள்.

கல்லறைத் திருநாள் வருகிறது. வருஷா வருஷம் உங்கள் கல்லறைக்குச் சுண்ணாம்பு அடித்துப் பூ வைப்பவள் அவள்தான். அதற்கு முன்னால் அவளை உட்காரவைத்து எல்லாவற்றையும் சொல்லிவிடுவேன். இது சத்தியம். மெழுகுவத்தி ஏற்றுவதும் ஏற்றாததும் அவள் இஷ்டம். போ என்றும் சொல்லமாட்டேன், போகாதே என்றும் சொல்லமாட்டேன்.

இப்படிக்கு,
உங்களுக்கு மட்டுமே மனைவியாக இருந்தவள்