இன்னும் ஏப்ரல்தானே

அன்பு மகள் மாரெனுக்கு அப்பா எழுதுவது,

நான் நலம் என்று முதலில் எழுதிவிடுவதுதான் முறை, அதனால் எழுதிவிட்டேன். நீ நலமா என்று முறைக்காகக் கேட்கவில்லை. உன் வலது கை எப்படி இருக்கிறது என்று எனக்குத் தெரிந்தாக வேண்டும். புதன்கிழமை உங்கள் கல்லூரி சாஃப்ட்பால் ஆட்டத்தைக் கம்ப்யூட்டரில் பார்த்தேன். நான்காவது இன்னிங்ஸிலிருந்து ஒவ்வொரு பந்தை வீசிய பிறகும் கையைத் தொடையோரம் தொங்கவிட்டு, ஈரத்தை உதறுகிற மாதிரி விரல்களை உதறினாய். அன்றே போனில் கேட்டேன். கொஞ்சம் இறுக்கம்தான்ப்பா, இன்னும் ஏப்ரல்தானே, போகப்போக சரியாயிடும் என்று சிரித்துவிட்டு நாய் எப்படி இருக்கிறது என்று கேட்டாய். போனில் நீ நழுவிவிடுகிறாய். காகிதத்தில் நழுவ முடியாது என்றுதான் எழுதுகிறேன்.

நாய் நன்றாக இருக்கிறது, கொழுத்துவிட்டது. அம்மாவின் அடக்கத்துக்கு அக்கம்பக்கத்தார் கொண்டுவந்த உணவில் பாதிக்கு மேல் அதுதான் தின்றது. அவர்களுடைய கண்ணாடிப் பாத்திரங்கள் இன்னும் அடுக்களை மேடையிலேயே இருக்கின்றன, திருப்பிக் கொடுக்கப் போனால் உள்ளே வா என்பார்கள், உட்கார் என்பார்கள். எதிர்வீட்டு மார்ஜ் சாலையிலேயே பிடித்துக்கொண்டு உனக்கு நாப்பத்தொண்ணுதானேப்பா ஆகுது, இன்னும் எவ்வளவு வாழ்க்கை இருக்கு என்றாள். பேஸ்பால் சீசன் இப்போதுதான் தொடங்கியிருக்கிற மாதிரி, எனக்கும் ஏப்ரல்தானாம். ஏரிப்பக்கம் நேற்றும் பனி கொட்டியது. வேலைக்குப் போகிறேன் வருகிறேன், போன வாரம் இரண்டு ஆஸ்பத்திரிகளில் ஸ்கேன் மெஷின்களைப் பிரித்துச் சரிசெய்தேன். மெஷின்களோடு எனக்கு வழக்கில்லை. சூடானால் சொல்கிறது, உள்ளே குளிர்விக்கும் வாயு குறைந்தால் சொல்கிறது. மனிதர்கள்தான் சொல்வதில்லை, சொன்னாலும் கேட்க ஆளில்லை.

சனிக்கிழமை நம் ஊர் பேஸ்பால் அணியின் ஆட்டத்துக்குப் போனேன். வேண்டாம் என்றுதான் இருந்தேன், பக்கத்துச் சீட்டு டானி நம் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தி ஹார்னை அடித்துக்கொண்டே இருந்தார். பஸ் ஓட்டி ஓய்வுபெற்ற மனிதர், ஹார்னை விடமாட்டார். கார் நிறுத்துமிடத்தில் வழக்கம்போல அடுப்பு மூட்டி சாசேஜ் சுட்டோம், கையுறையைக் கழற்றாமலே தின்றோம். சீசன் முழுக்கவும் நாம் வாங்கிவைக்கிற அம்மாவின் சீட்டை நான் விற்கவில்லை. லோரெய்ன் தன் கைப்பையை அதில் வைத்துக்கொண்டு இதுக்கு டிக்கெட் கேட்டா கைப்பைய விட்டுக் கடிக்க வைப்பேன் என்று காவலாளியையே மிரட்டினாள். இருபது வருடமாக முடி வெட்டுகிறவள், வாயும் கத்தரிதான் என்று உனக்குத் தெரியுமே.

அன்று நம் அணிக்கு டாரன்ட் பந்து வீசினான். முதல் பந்திலிருந்தே தகராறு. வேகம் ரெண்டு மைல் குறைஞ்சிருக்கு, புது காண்ட்ராக்ட்ல கையெழுத்துப் போட்டதும் கை களைச்சுப் போச்சு பாத்தியா என்றாள் லோரெய்ன். அடி தாயே, இன்னும் ஏப்ரல்டி, இந்தக் குளிர்ல என் முட்டியே ரெண்டு மைல் கம்மியாத்தான் ஓடுது என்றார் டானி. உன் முட்டி போன செப்டம்பர்லயும் அப்படித்தான் ஓடுச்சு என்றாள் அவள். பின்வரிசையில் ஒருவன், ஏப்ரல் நம்பரை நம்பினவன் மே மாசம் சட்டையைக் கிழிச்சுக்குவான் என்றான். எல்லோரும் சிரித்தார்கள். அப்போதுதான் டாரன்ட் கையைத் தொடையோரம் வைத்து உதறுவதைப் பார்த்தேன். ஐந்தாவது இன்னிங்ஸில் மருத்துவ உதவியாளர் ஓடிவந்தார், ஒண்ணுமில்ல போ என்று டாரன்ட் கையசைத்துத் திருப்பி அனுப்பினான். ஆண்பிள்ளைடா என்று நம் வரிசையே எழுந்து கை தட்டியது. அடுத்த பந்தில் முழங்கையைப் பிடித்துக்கொண்டு மண்டியிட்டான்.

மறுநாள் காலை என் காபி ஆறுவதற்குள் அவனுடைய ஸ்கேன் முடிவு போனில் வந்துவிட்டது. தசைநார் அறுந்திருக்கிறது, அறுவை சிகிச்சை, இந்த வருடம் முழுக்கக் கிடையாது, அடுத்த வருடமும் சந்தேகம். மதியம் மறுபடி அதே சீட்டுகளில் உட்கார்ந்து அதே பேச்சு. அவன் முன்னாடியே சொல்லியிருக்கணும் என்றார் டானி. சொன்னா காண்ட்ராக்ட் வலின்னு நாமளே கிண்டல் பண்ணியிருப்போம் என்றது பின்வரிசை. பாவம், ராத்திரியோட ராத்திரியா ஸ்கேன் எடுத்துப் பாத்துட்டாங்களே, அதாவது நல்லது என்றாள் லோரெய்ன். எனக்கு அங்கேதான் வாய் திறந்துகொண்டது. காரினுக்கு ஜூலை வரைக்கும் ஆச்சு என்று உன் அம்மா பேரைச் சொன்னேன். சத்தம் போடவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னேன். அந்த வரிசையில் ஒருவரும் வேர்க்கடலை உடைக்கவில்லை. டானி தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். லோரெய்ன் அம்மாவின் சீட்டிலிருந்த கைப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு அழுதாள். எனக்கு அழுகை வரவில்லை. பலகையில் ஸ்கோரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

உனக்கு இதை யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். போன ஏப்ரலில் அதே சீட்டில்தான் அம்மா முதுகைப் பிடித்துக்கொண்டு நெளிந்தாள். என்னடி ஆச்சு என்று லோரெய்ன் கேட்டதற்கு, ஒண்ணுமில்ல, என் முதுகும் இந்த டீம் மாதிரிதான், இன்னும் ஏப்ரல்தானே, மே மாசம் எழுந்திரிச்சிடும் என்றாள். வரிசையே விழுந்து விழுந்து சிரித்தது. மே மாதம் டாக்டரிடம் போனாள். மாத்திரை கொடுத்தார், உடற்பயிற்சி செய்யச் சொன்னார். ஸ்கேனுக்கு இன்சூரன்ஸ் ஒப்புதல் வேண்டும் என்று காத்திரு காத்திரு என்றார்கள். அந்த ஆஸ்பத்திரி மெஷினுக்குப் பராமரிப்பு நான்தான், மாரென். ஜூன் மாதம் அதைத் திறந்து உள்ளே பழுது பார்த்துவிட்டு வெளியே வந்தேன், உன் அம்மா அதற்குள் படுக்க ஜூலையில்தான் முறை வந்தது, அப்போது நோய் முற்றியிருந்தது. ஜனவரியில் மண்ணுக்குள் வைத்தோம். பந்து வீசுகிறவன் முழங்கைக்கு ஒரு ராத்திரி, என் பெண்டாட்டிக்கு ஒரு கோடைக்காலம். டாரன்ட் மேல் எனக்குக் கோபமில்லை, அவன் சின்னப் பையன். கோபம் யார் மேல் என்று தேடினால் எல்லாக் கதவிலும் ஒரு நல்ல மனிதர் நின்று வருத்தம் தெரிவிக்கிறார்.

உங்கள் பயிற்சியாளரம்மா கையை ஓய்வில் வைத்தால் உதவித்தொகை போய்விடும் என்று மிரட்டியிருப்பாள், அல்லது மிரட்டாமலே உனக்கு அப்படித் தோன்றியிருக்கும். போனால் போகட்டும். தோழிகள் என்ன சொல்வார்களோ என்று பயப்படாதே, வலியை மறைத்தவளுக்குத்தான் கை தட்டுவார்கள், அந்தக் கைதட்டலைப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டவன் நான். ஒரு சொல்தான் கேட்கிறேன். வலிக்குது என்று சொல். முதலில் அவர்களிடம், பிறகு என்னிடம். இந்த வீட்டில் அந்தச் சொல்லை யாரும் சிரிக்காமல் சொல்லிக் கேட்டதில்லை.

வேளைக்குச் சாப்பிடு, அந்தப் பாலைவன வெயிலில் தொப்பி இல்லாமல் நடக்காதே. அம்மாவின் நீலச் சட்டையை நீ கேட்டாய், துவைக்காமல் அப்படியே அனுப்புகிறேன். உன் தலைமேல் கை வைத்து ஆசீர்வதிக்க இங்கிருந்து எட்டவில்லை, வைத்ததாகவே எண்ணிக்கொள்.

மறந்துவிடாதே, சனிக்கிழமை உங்கள் ஆட்டத்தையும் பார்ப்பேன். நீ வட்டத்துக்குள் நின்று பந்து வீசினால் கம்ப்யூட்டரை மூடிவிடுவேன். பெஞ்சில் கையைக் கட்டித் தொங்கவிட்டுக்கொண்டு, சூரியகாந்தி விதையைக் கொறித்துத் துப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தாயானால், நீங்கள் எத்தனை ஓட்டத்தில் தோற்றாலும் சரி, கடைசி வரைக்கும் உன்னையே பார்த்துக்கொண்டிருப்பேன்.

இப்படிக்கு,
உன் கைக்காகக் காத்திருக்கும்
அப்பா