மேல்மாடி வழியாக ஒரு புகைபோக்கி

அன்பு மகனுக்கு,

அம்மா எழுதுகிறேன். நீயும் மருமகளும் நலமாக இருக்கிறீர்கள் என்று நம்புகிறேன். அப்பாவின் முழங்கால் வலி இப்போது பரவாயில்லை. குளிர்தான் இந்த வருடம் சீக்கிரமே வந்துவிட்டது. எல்லாரும் சௌக்கியமா என்று நீ போனில் கேட்டபோது ஒரு "ம்" போட்டுவிட்டு அப்பாவிடம் கொடுத்துவிட்டேன். வாயால் சொல்லக் கூசுகிற ஒன்று இங்கே நடந்துவிட்டது. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

நீ போன பிறகு கூடத்தில் இரும்பு விறகடுப்பு வைத்தோம் அல்லவா? பொருத்த வந்தவர் அன்றைக்கே சொன்னார், புகைபோக்கியை நேராக மேல்மாடி அறை வழியாகக் கூரைக்கு ஏற்றுவதுதான் நல்லது, மேலே இருப்பவர்களிடம் ஒரு வார்த்தை கேளுங்கள் என்று. மேலே இருப்பது உன் சித்தி. சித்தப்பா காலமான பிறகு மேல்மாடி தன் பங்கு என்று அவள் கேட்டு வாங்கியதிலிருந்து நாங்கள் பேசுவதில்லை என்பது உனக்கே தெரியும். படியில் எதிரே வந்தால் நான் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். அவளிடம் போய் நிற்க எனக்கு மனம் வரவில்லை. "அதெல்லாம் வேண்டாங்க, சுவத்துல ஓட்டை போட்டு வெளிய எடுத்து விட்டுருங்க" என்றேன். அவர் தயங்கினார். நான்தான் விடவில்லை.

குழாய் இரண்டு இடத்தில் வளைந்து, சுவரைத் தாண்டி, அவள் ஜன்னலுக்குக் கீழே போய் முடிந்தது. முடிந்த இடம் எது என்று எனக்குத் தெரியாமல் இல்லை.

போன வாரம் குளிர் அதிகம் என்று அடுப்பின் காற்றுத் திறப்பை மூடி, விடியும்வரை அதை மந்தமாக எரியவிட்டோம். காலையில் மேலே வழக்கமாகக் கேட்கும் தண்ணீர் பிடிக்கிற சத்தம் கேட்கவில்லை. எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. அப்பாதான் மேலே போய்க் கதவைத் தட்டினார். திறக்காததால் தோளால் இடித்துத் திறந்தார். அவள் கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில், வாந்தி எடுத்தபடி, எழ முடியாமல் கிடந்தாள். அந்த முழங்காலோடு அவளைத் தூக்கிக்கொண்டு படி இறங்கினார், பார்.

வளைவில் கரி பாதி அடைத்து, வெளியே காற்றும் வீசாததால் புகை மேலே எழும்பாமல் அவள் ஜன்னல் இடுக்கு வழியாக உள்ளே போயிருக்கிறது. புகையைவிட அதிலிருக்கிற விஷவாயுதான் ஆபத்து, இன்னும் கொஞ்ச நேரம் போயிருந்தால் கஷ்டம்தான் என்றார் டாக்டர். பயப்படாதே, இப்போது நன்றாக இருக்கிறாள். தலைவலி மட்டும் விட்டு விட்டு வருகிறதாம்.

ஆஸ்பத்திரியில் இருந்த அவளுக்கு மாற்றுத்துணி எடுக்க நான் மேலே போனேன். அவள் அறைக்குள் எத்தனை வருடம் கழித்துக் கால் வைக்கிறேன். ஜன்னல் இடுக்கு முழுக்கப் பழைய துணிகளைச் சுருட்டிச் சுருட்டித் திணித்து வைத்திருந்தாள். எல்லாம் கருத்துப் போயிருந்தன. ஒருநாளில் கருத்தவை அல்ல. குளிர் ஆரம்பித்ததிலிருந்தே புகை வந்திருக்கிறது. கீழே வந்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நான் எப்படிப் பேசியிருப்பேன் என்று அவளுக்குத் தெரியும். எனக்கும் தெரியும். அந்தத் துணிகளை ஒவ்வொன்றாக உருவி எடுத்தேன்.

அவள் வீடு திரும்பிய அன்று அடுப்பையே தூக்கிப் போட்டுவிடுவதாக அப்பா சொன்னார். அவள்தான், "எதுக்கு மாமா? இந்தக் குளிர்ல அக்கா என்ன பண்ணுவாங்க? என் ரூம் வழியா நேரா ஏத்திருங்க. கட்டிலை நான் நகத்திக்கிறேன்" என்றாள். நான் பக்கத்திலேயே நின்றேன். தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அதோடு விடாமல் சிரித்துக்கொண்டே, "அந்தக் குழாய் சூட்டுல என் ரூமும் கொஞ்சம் கதகதப்பா இருக்கும்ல" என்றாள். அவள் அறையில் அடுப்பு இல்லை. இத்தனை குளிர்காலமும் இல்லை. அது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

அடுப்பு பொருத்திய அதே ஆள் வந்து நேற்று வேலையை முடித்தார். வளைவே இல்லாமல் நேராகப் போகிறது. மரத்தளத்தைத் துளைக்கிற இடத்தில் குழாயின் சூடு மரத்தில் படாதபடி சுற்றிலும் இடைவெளி விட்டுத் தகரப் பெட்டி அடித்திருக்கிறார். அவள் அறையில் கை படாமலிருக்கக் கம்பிவலை. குழாயின் வாயைக் கூரை முகட்டைவிட உயரமாக வைத்திருக்கிறார். விஷவாயு வந்தால் கத்துகிற கருவி மேலே ஒன்று, கீழே ஒன்று. பழைய ஓட்டையை அடைத்தாயிற்று. சுவரில் அந்த இடம் மட்டும் புதிதாகத் தெரிகிறது. அந்தப் பக்கம் நான் பார்ப்பதில்லை.

நீ சித்திக்குத் தனியாக இரண்டு வரி எழுது. உடம்பு எப்படி இருக்கிறது என்று மட்டும் கேள். நான் சொல்லித்தான் எழுதுகிறாய் என்று காட்டிக்கொள்ளாதே.

நாளை மதியம் அடுப்பைப் பற்றவைக்கப் போகிறோம். இணைப்பில் எங்காவது புகை கசிகிறதா என்று பார்க்க ஒருவர் மேலே இருக்க வேண்டுமாம். நான் போகிறேன் என்று சொல்லிவிட்டேன். அவள் நாற்காலியைத் துடைத்துப் போட்டு வைத்திருக்கிறாளாம், அப்பா சொன்னார். இந்த ஒரு வாரமாக அவளிடம் சொல்ல வேண்டியதைத் தொண்டைவரை கொண்டுவந்து கொண்டுவந்து விழுங்கிக்கொண்டிருக்கிறேன். நாளை அவள் எதிரில் உட்கார்ந்து குழாயை மட்டும் பார்த்துவிட்டு இறங்கி வந்துவிடக் கூடாது. அதற்காக நீ அங்கிருந்து எனக்காக ஒருமுறை வேண்டிக்கொள், கண்ணா.

குளிரில் வெளியே போகும்போது காதை மூடிக்கொள். நீங்கள் இருவரும் எப்போதும் முகம் பார்த்துப் பேசிக்கொண்டு நன்றாக இருக்க வேண்டும்.

உன்
அம்மா