காலிக் கதிரை

அம்மாவுக்கு, கஜலட்சுமியின் வணக்கம். முழங்கால் வலி எப்படி இருக்கிறது? மிளகாய் மூட்டையைத் தூக்கிக்கொண்டு மஹய்யாவப் படிகளில் ஏறாதீர்கள். இங்கே குவைத்தில் எனக்கு ஒரு குறையும் இல்லை.

நேற்று நான் துணி மடித்துக்கொண்டிருந்தபோது, சிறுதொழில் உதவித் திட்டத்து மிஸ் கண்டியிலிருந்து போன் பண்ணினார். அரசாங்கம் உங்கள் மிளகாய்த்தூள் தொழிலுக்கு அரைக்கும் மெஷின் தருவதென்றால், நீங்கள் ஒருவருக்காவது வேலை கொடுத்திருக்க வேண்டுமாம். வேலையாள் என்று என் பெயரையும் போன் நம்பரையும் கொடுத்திருக்கிறீர்கள்.

"இப்ப அம்மாகிட்டதான் வேலை செய்றீங்களா?" என்று கேட்டார்.

ஆமாம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அதற்குள் நான் வேலை செய்யும் இந்த வீட்டுப் பிள்ளை அரபியில் என்னைக் கூப்பிட்டது.

"இல்ல மிஸ், நான் குவைத்துல இருக்கேன்."

அவர் கோபிக்கவில்லை. இந்தக் கிழமை முடிவதற்குள் வேறு ஆளைச் சேர்த்தால் போதும் என்றார்.

என்னைத் திட்டாதீர்கள். பக்கத்து வீட்டு றிப்தா, வேலை செய்த கார்மென்ட்ஸை மூடியதிலிருந்து வீட்டில்தானே இருக்கிறாள். அவளைச் சேர்த்துக்கொள்ளுங்கள். சம்பளத்தை ஒழுங்காகக் கொடுங்கள். மகளிடம் சொல்வதுபோல் அவளிடம் நாளைக்குப் பார்க்கலாம் என்று சொல்ல முடியாது.

இன்று லீவில் ஊருக்கு வரும் ஒரு அக்காவிடம் இந்தக் கடிதத்தைக் கொடுத்தனுப்புகிறேன். அவர் திரும்பும்போது கொஞ்சம் மிளகாய்த்தூள் அனுப்புங்கள். மெஷின் வருவதற்கு முன் நீங்கள் கையால் இடித்ததாக இருக்கட்டும்.

அக்காவுக்கு வேன் வந்துவிட்டது. எனக்கென்று வாங்கி, யாரையும் உட்கார விடாமல் வைத்திருக்கிறீர்களே, அந்தக் கதிரையில் றிப்தா உட்காரட்டும் அம்மா. அது காலியாகக் கிடக்கிறதென்று நினைத்தால் எனக்கு இங்கே வேலை ஓடுவதில்லை.

கஜா