பல்லி சொல்லாத குடோன்

ஆகஸ்ட் 22, 2025, வெள்ளி

பல்லி இன்றைக்கும் வாயைத் திறக்கவில்லை.

எங்கள் கம்பெனியில் துணி ரோல்கள் மாடிப்படியில் ஏறிவிட்டன. லேடீஸ் டாய்லெட்டில்கூட இரண்டு. சேவூர் நிலத்தில் குடோன் கட்டினால்தான் தீரும். விவசாய நிலத்தை வணிகத்துக்கு மாற்ற இரண்டு வருடம் அலைந்து அனுமதியும் வாங்கியாயிற்று. செப்டம்பர் 30-க்குள் வேலை ஆரம்பிக்காவிட்டால் அது செல்லாது. மறுபடி முதல் படிவத்திலிருந்து அலைய வேண்டும்.

ஆனால் நிலம் அப்பா பேரில். குலதெய்வக் கோயிலில் பல்லி சத்தம் கேட்காமல் கடப்பாரை போட விடமாட்டார். கேட்கிறவர் காதிலேயே விழ வேண்டுமாம். அடுத்தவர் சொன்னால் கணக்கில் வராதாம். எட்டு மாதமாக வெள்ளிதோறும் போய் உட்கார்ந்துவிட்டு வருகிறார். அரசாங்கமே சரி என்று சொல்லிவிட்டது. இந்தப் பல்லிக்கு என்ன கொழுப்பு?

செப்டம்பர் 5, வெள்ளி

இல்லை.

செப்டம்பர் 10, புதன்

கெடுவை நீட்டிக்கக் கேட்டு அப்பாவோடு ஆபீஸ் போனேன். அதிகாரி பூங்குழலி மேடம், "தாமதத்துக்கு என்ன காரணம்?" என்று அப்பாவை மூன்று தடவை கேட்டார். மூன்று தடவையும் அப்பா சிரித்தபடி, "ஆமாங்க" என்றார். என்ன நடிப்பு! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நானே பல்லியைச் சொல்லித் தொலைத்தேன்.

மேடம் பேனாவை மூடி வைத்தார். "பல்லின்னு எழுதினா ஃபைல் திரும்பி வந்துடும்மா. வேற காரணம், ஆதாரத்தோட கொண்டு வாங்க."

ஆதாரத்தோடு பொய்க்கு எங்கே போக?

செப்டம்பர் 12, வெள்ளி

பல்லியை நேரில் பார்த்து நாலு வார்த்தை கேட்கலாம் என்று நானும் கோயிலுக்குப் போனேன். அப்பா உள்ளே கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். கோயில் பெருக்கும் ராமுத்தாய் அக்கா, விருதுநகர்ப் பக்கம், என்னிடம் கேட்டது:

"அய்யா இன்னும் எதுக்கு வாராக? அதான் பல்லி வாராவாரம் கத்துதே. போன வாரம் அவுக தலைக்கு மேலயேல்ல கத்துச்சு."

பேசிக்கொண்டிருக்கும்போதே உத்தரத்திலிருந்து ச்சு ச்சு ச்சு என்று. வாசலில் நின்ற எனக்கே கேட்டது. அப்பா அசையவில்லை.

முப்பது வருடம் விசைத்தறிகளுக்கு நடுவில் நின்ற ஆள். எங்கள் வீட்டில் எல்லோரும் பேசுவதே கத்தித்தான் — பிறகு யாருக்குத் தெரியும்? டிவி சத்தம், அந்த 'ஆமாங்க'... நடிப்பு என்று எழுதினேனே, கழுதை. அழுகையாக வந்தது.

செப்டம்பர் 18, வியாழன்

கெஞ்சி, மிரட்டி, காது டாக்டரிடம் கூட்டிப்போய்ச் சான்றிதழ் வாங்கிவிட்டேன். அதுதான் காரணம், அதுதான் ஆதாரம். பல்லி கத்தியதைப் பற்றி அப்பாவிடம் மூச்சு விடவில்லை. சொன்னால் கணக்கில் வராதே. 'நில உரிமையாளருக்குச் செவித்திறன் குறைவு, சிகிச்சையில் உள்ளார்' என்று டைப் செய்து நீட்டினேன். அப்பா இரண்டு தடவை படித்தார். முகம் சுருங்கிவிட்டது.

"இத எத்தன பேரு படிப்பாங்க கண்ணு?"

"ரெண்டே பேருதானுங்கப்பா." காதுக்குப் பக்கத்தில் போய்க் கத்தினேன்.

"இப்பத் தெருவுக்கே தெரிஞ்சுபோச்சு" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார்.

செப்டம்பர் 29, திங்கள்

ஆறு மாதம் நீட்டிப்பு. ஒரே ஒரு நாள் மிச்சம் இருக்கையில். பூங்குழலி மேடம், "பல்லியக் கேட்டதாச் சொல்லுங்க" என்றார்.

அக்டோபர் 24, வெள்ளி

காதில் மெஷின் மாட்டிய பிறகு முதல் வெள்ளி. பத்து நிமிடத்தில் எழுந்து வெளியே வந்தார். கண்ணெல்லாம் தண்ணீர்.

"சொல்லிருச்சு கண்ணு."

"அப்படிங்களாப்பா" என்றேன், ஒன்றும் தெரியாத மாதிரி.

நவம்பர் 3, திங்கள்

ஜேசிபி வந்தது. அப்பா சூடம் காட்டி, தோண்டச் சொல்லிக் கையசைத்தார். இரண்டே நிமிடம். மெஷினைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"இந்தச் சத்தத்துல மனுசன் நிப்பானா கண்ணு?"

முப்பது வருடம் தறிக்குள் நின்றவர். நான் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் கேட்டிருக்காது.