தீர்த்தம் என்று நான் சொன்ன தண்ணீர்

என் உயிர்த் தோழி கோதைக்கு,

உன் உயிர் போகிற நேரத்தில் பொய் சொல்ல வாய் கூசவில்லை. உயிர்த் தோழி என்று எழுத மட்டும் கை கூசப்போகிறதா? பதினோரு வருஷமாக இந்தக் கடிதத்தைத் தள்ளிப்போட்டேன். நேற்று உன் அம்மாவைப் பார்த்துவிட்டு வந்தேன். இனித் தள்ள முடியாது.

முதலில் என் சங்கதி. கைலாசபுரத்தில் இருக்கிறேன். அவருக்குப் புது ஃபாக்டரியில் வேலை, குவார்ட்டர்ஸ் கொடுத்திருக்கிறார்கள். மகளுக்கு எட்டு வயது. அப்பாவும் எங்களோடுதான். எழுபது தாண்டியும் மாதா கோயில் உபதேசியார் மிடுக்கு குறையவில்லை. "உங்கப்பா என்னைப் பாத்தாலே தண்ணிக்குடத்தைத் தேடறார்டி" என்று பள்ளிக்கூடத்து பெஞ்சில் என்னைக் கேலி செய்வாயே, அதே மனுஷன்தான்.

போன ஞாயிறு பூசை முடிந்து வந்ததும் என் மகளைப் பக்கத்தில் உட்காரவைத்தார். மடியில் அவளுடைய பொம்மை, கையில் ஒரு டம்ளர் தண்ணீர். "யாராவது சாகக் கிடந்து, சாமியார் வர நேரமில்லைன்னா நீயே ஞானஸ்நானம் குடுக்கலாம்மா. பிதா, சுதன், பரிசுத்த ஆவி பேரைச் சொல்லி நெத்தியில மூணு தடவை ஊத்து. நேரா மோட்சம் போயிடுவாங்க" என்றார். குழந்தை பொம்மையின் நெற்றியில் ஊற்றியது. நான் டம்ளரைப் பிடுங்கி வாசலில் வீசினேன். "என்னடி, பைத்தியமா உனக்கு?" என்றார் அப்பா. நானும் எட்டு வயதில் அவர் வாயால் கற்றுக்கொண்ட பாடம்தான் அது.

நான் நர்ஸாக இருந்த மிஷன் ஆஸ்பத்திரியில் நீ டைபாய்டில் கிடந்தாயே, அந்தப் பதினெட்டு நாளும் அப்பா கேட்டில் எனக்காகக் காத்து நின்றார். உனக்குத் தெரியாது. "உன் சிநேகிதிதானே? அவ நரகத்துல எரியறதைப் பாத்துக்கிட்டு நீ மோட்சத்துல உக்காந்திருப்பியா?" என்று தினமும் கேட்பார். வார்டு சிஸ்டர் அவரை உள்ளே விடவில்லை. "உபதேசியாரே, கேக்கறவங்களுக்குப் போய்ச் சொல்லுங்க. இங்க இருக்கறவங்க மருந்துக்கு வந்திருக்காங்க" என்று முகத்துக்கு நேரே சொன்னார். இருவரும் ஒரே கோயிலில், ஒரே பூசையில் முழங்கால் போடுகிறவர்கள். நான் அப்பாவை நம்பினேன். உன்மேல் எனக்கு அவ்வளவு ஆசைடி. இதில் அசிங்கமே அதுதான்.

அன்று மத்தியானம் டாக்டர் கையை விரித்துவிட்டார். மாமி, உன் அம்மா, அழவில்லை. உனக்கு நாலு ஸ்பூன் கஞ்சி புகட்டிவிட்டு, வெள்ளிச் செம்பை எடுத்துக்கொண்டு எழுந்தார். "பெருமாள் தீர்த்தம் வாங்கிண்டு வந்துடறேன். அது வாயில விழாம எம்பொண்ணு போகப்படாது. ஸ்டெல்லா, நீயும் என் பொண்ணுதான். இவளைப் பாத்துக்கோடி" என்று சொல்லிவிட்டு ஸ்ரீரங்கம் பஸ்ஸுக்கு ஓடினார்.

பஸ் காவிரிப் பாலத்தைக்கூடத் தாண்டியிருக்காது. மேஜைமேல் இருந்த டம்ளரை எடுத்தேன். இரண்டாவது தடவை ஊற்றும்போது நீ கண்ணைத் திறந்தாய்.

"என்னடி பண்றே?"

நெற்றி சுடுகிறது, துடைக்கிறேன் என்று சொல்லியிருக்கலாம். வேண்டாம் என்று தலையைத் திருப்பிக்கொள்வாயோ என்று பயம். "மாமி வந்துட்டாங்க, கோதை. கோயில் தீர்த்தம்" என்றேன். மூன்றாவது தடவையும் ஊற்றினேன். தெரசா என்று மனசுக்குள் உனக்குப் பெயரும் வைத்தேன்.

"வாயில விடு" என்றாய். ஒரு ஸ்பூன் விட்டேன். என்னையே பார்த்தாய். தண்ணீர் கடைவாய் வழியாக வழிந்தது. விழுங்குகிற தெம்பு போய்விட்டது என்று என் நர்ஸ் புத்தி சொன்னது, பஞ்சால் துடைத்தேன். நீ சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாய். கொஞ்ச நேரத்தில் முடிந்துவிட்டது. அதற்கப்புறம் வந்த மாமி, செத்த வாயில் தீர்த்தத்தை ஊற்றினார். நான் பக்கத்தில்தான் நின்றேன்.

அப்பா சும்மா இருப்பாரா? ஞாயிறு பூசை விட்டதும் கோயில் வாசலில் கூட்டம் சேர்த்தார். "ஸ்ரீரங்கத்து ஐயங்கார் வீட்டுப் பொண்ணு, என் மக கையால மோட்சம் போயிருக்கு!" அது ஆற்றைத் தாண்டி உங்கள் வீதிக்கு வர இரண்டு நாள் ஆகவில்லை. உன் புருஷன் வீட்டில் பத்தாம் நாள் காரியத்தை நிறுத்திவிட்டார்கள். "கிறிஸ்தவ வேதத்துல சேந்து செத்தவளுக்கு நாங்க எதுக்குப் பண்ணணும்?" என்றார்களாம். தை பிறந்ததும் அவருக்கு வேறு கல்யாணம். மாமிக்கு மகளும் இல்லை, மகளுக்கு எள்ளும் தண்ணீரும் இறைக்க ஒரு ஆளும் இல்லை.

சிஸ்டர் என் தொப்பியைக் கழற்றி வாங்கிக்கொண்டார். "அந்தப் பொண்ணை நீ நர்ஸா தொட்டியா, திருடியா தொட்டியா?" என்று கேட்டார். வேலை போய் வீட்டுக்கு வந்தால், அப்பா எனக்காகக் கோழி அடிக்கச் சொல்லியிருக்கிறார். தின்றேன் கோதை. நன்றாகவே தின்றேன்.

சில வருஷம் கழித்து, செத்தவர்களுக்குப் பூசை வைக்கிற கல்லறைத் திருநாளுக்கு உன் பெயரை எழுதிக் கொடுக்கப் போனேன். புதிதாக வந்த சாமியார் சின்ன வயசுக்காரர். நடந்ததைக் கேட்டுவிட்டு, "அவங்க கேட்டாங்களாம்மா?" என்றார். "இல்ல சாமி." "விவரம் தெரிஞ்சவங்களுக்கு அவங்க சம்மதமில்லாம ஊத்தினா அது ஞானஸ்நானமே இல்லம்மா. வெறும் தண்ணி." அந்தக் கரையிலும் உனக்கு இடமில்லை, இந்தக் கரையிலும் இல்லை. அப்பாவிடம் சொன்னேன். "அந்தப் பொடியனுக்கு என்ன தெரியும்?" என்று சொல்லிவிட்டுத் தெரசாவுக்கு மெழுகுவர்த்தி வாங்கப் போனார்.

என்னிடம் ஒன்றே ஒன்று மிச்சமிருந்தது. தீர்த்தம் கிடைத்துவிட்டது என்று நம்பித்தான் நீ போனாய். அதைச் சொன்னால் மாமியின் வயிறு கொஞ்சம் ஆறும். ஏன் பதினோரு வருஷம் சொல்லவில்லை? சொன்னால், நான் உனக்குக் கொடுத்தது ஒன்றுமே இல்லை என்று நானே ஒத்துக்கொண்ட மாதிரி ஆகிவிடுமே, அதனால்தான். பொம்மை நெற்றியில் தண்ணீர் வழிந்ததைப் பார்த்த பிறகு அந்த வீம்பு நிற்கவில்லை.

நேற்று ஸ்ரீரங்கம் உத்திர வீதியில் உங்கள் வீட்டுக்குப் போனேன். மாமி பாதியாக இளைத்திருக்கிறார். வா என்று சொல்லவில்லை. படிக்குக் கீழே நின்று எல்லாவற்றையும் சொன்னேன். "நான் பொய் சொன்னேன், மாமி. ஆனா அவ நம்பினா. தீர்த்தம் வாயில பட்டுச்சுன்னு குறையில்லாமத்தான் போனா." ஏதோ வரம் கொடுக்க வந்தவள் மாதிரி நின்றேன், என் திமிரைப் பார்.

"முழுங்கினாளோ?" என்றார் மாமி.

"இல்ல மாமி. வழிஞ்சிருச்சு. முழுங்க முடியலை."

"நான் கிளம்பறச்சே கஞ்சி குடுத்தேனே. நாலு ஸ்பூனும் முழுங்கினாளே."

மாமி வாசற்படிக்கு வந்து நின்றார்.

"பொறந்ததுலேர்ந்து பெருமாள் தீர்த்தம் வாங்கிண்டவடி அவ. துளசியும் பச்சைக் கற்பூரமும் அவ நாக்குக்குத் தெரியாதா? உன் ஆஸ்பத்திரித் தண்ணியையா எம்பொண்ணு தீர்த்தம்னு நம்புவா? தெரிஞ்சுண்டுதான் துப்பினா. கத்தத் தெம்பில்லை, துப்பினா."

நீ என்னையே பார்த்தாயே கோதை, அதை நன்றி என்று நினைத்துப் பதினோரு வருஷம் வைத்திருந்தேன். நான் யார் என்று தெரிந்துகொண்டா சுவர்ப் பக்கம் திரும்பினாய்? கடைசியாக நீ பார்த்த மனுஷ முகம் என்னுடையதா?

மாமி கதவைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "ஐப்பசியில அவ திதி. அவளுக்குன்னு யாரும் ஒண்ணும் பண்றதில்லை. நீயாவது பண்ணு. வருஷா வருஷம் அன்னிக்கு வந்து, இதே படிக்குக் கீழ நின்னு, பண்ணினதை ஒண்ணு விடாம சொல்லு. நான் கேக்கணும். உள்ள மட்டும் வராதே."

உங்கள் வீட்டில் எனக்கென்று ஒரு தனி டம்ளர் உண்டே, கூடத்து மாடத்தில் கவிழ்த்து வைத்திருப்பார்களே. அதில் மோர் குடிக்கும்போதெல்லாம் எனக்குச் சுருக்கென்று இருக்கும். நேற்று வெயிலில் நாக்கு வறண்டு நின்றபோது அந்த டம்ளர்கூட வெளியே வரவில்லை. கேட்க எனக்கு வாயும் இல்லை.

வருவேன் கோதை. ஒவ்வொரு ஐப்பசியும் வருவேன். மாமி போன பிறகு பூட்டிய கதவைப் பார்த்துச் சொல்வேன். என் மகளையும் கூட்டிவருவேன், அவள் தாத்தாவிடம் கற்றதோடு இதையும் கேட்கட்டும். இனி என் வீட்டில் நீ தெரசா இல்லை. கோதைதான்.

நீயும் என் பொண்ணுதான் என்று உன் அம்மா நம்பி, உன் தலைமாட்டில் விட்டுப்போன உன் சகோதரி,
ஸ்டெல்லா