லாரியில் போன செடிகள்

அன்பு மகளுக்கு,

அம்மாவும் நானும் உடம்புக்குக் குறையில்லாமல் இருக்கிறோம், அங்கே நீயும் வேளைக்குச் சாப்பிட்டுத் தூங்கிச் சுகமாக இருப்பாய் என்று நம்பி எழுதுகிறேன். கண் அறுவை சிகிச்சைக்குப் பிறகு அம்மாவுக்குப் பார்வை நன்றாகத் தெளிந்துவிட்டது, ஆனால் அந்தத் தெளிந்த கண்ணால் நான்கு நாளாக என்னைப் பார்ப்பதில்லை. சாப்பாட்டை மேசையில் வைத்துவிட்டு அறைக்குள் போய்விடுகிறாள். காரணம் உன் மாமன். அவன் போனில் உன்னிடம் அழுவதற்கு முன்னால் நடந்ததை நானே சொல்லிவிட வேண்டும்.

பசுமைக்குடிலில் அவனை வேலைக்குச் சேர்த்துவிட்டதே நான்தான். தாவரவியல் படித்து, இருபத்திரண்டு வருடம் நாற்றோடு கிடந்த எனக்குக் கிடைக்காத மேலாளர் நாற்காலி, டேப்லெட்டில் விரல் தேய்க்கத் தெரிந்த ஒரே தகுதிக்காக அவனுக்குக் கிடைத்தது. அதைக்கூட மென்று விழுங்கினேன். ஒவ்வொரு நாற்றுத் தட்டிலும் பார்கோடு ஒட்டினார்கள். காலையில் தட்டுத் தட்டாகப் போய்ச் செடியைப் பார்த்து, மண்ணின் ஈரத்தைத் தொட்டுப் பார்த்து, ஸ்கேன் செய்து, நலம் என்றோ வாட்டம் என்றோ பதிய வேண்டும். அம்மாவின் கண்ணுக்காக நான் ஒரு வாரம் விடுப்பு எடுத்தபோது என் பொறுப்பில் இருந்த மூன்றாம் குடிலைத் தான் பார்த்துக்கொள்வதாகச் சொன்னான். நீங்க போங்க அத்தான், செடி என்ன ஓடியா போயிடும் என்று சிரித்தான். திரும்பி வந்த இரண்டு நாளும் எனக்கு முதல் குடிலில் தலைக்கு மேல் வேலை, டேப்லெட் நலம் என்று சொன்னதை நம்பி மூன்றாம் குடிலுக்குள் போகாமல் இருந்துவிட்டேன், அது என் தப்புதான். மூன்றாம் நாள் கதவைத் திறந்தால் சொட்டுநீர்க் குழாய் அடைத்து, தட்டுகள் அடுக்கிய இரண்டு மேடை நாற்றும் சருகாகக் கிடக்கிறது. உன் மாமன் பார்த்த ஏழு நாளும் பதிவில் நலம். அப்படின்னா உன் கைக்கு வந்த பிறகுதான் காய்ஞ்சிருக்கணும், மெஷின் பொய் சொல்லாதுப்பா என்றார் முதலாளி. உன் மாமன் பக்கத்தில் நின்று நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். மறுநாள் முதல் எனக்குத் தொட்டி கழுவும் வேலை. என்னிடம் தொழில் கற்றவன் ஒருவன் அழுக்குத் தொட்டிகளைக் காலடியில் கொட்டிவிட்டு, சார், இதுக்கும் பார்கோடு ஒட்டித் தரவா என்று கேட்டுச் சிரித்தான். அந்தச் சிரிப்பையும் மறக்கவில்லை.

ஒரு நாள் சாவி எடுக்க அலுவலகத்துக்குப் போனேன். உன் மாமன் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து, டீ குடித்தபடி, மடியில் இருந்த ஓர் அட்டையை ஸ்கேன் செய்துகொண்டிருந்தான். எல்லாக் குடில்களின் பார்கோடுகளையும் இன்னொரு முறை அச்செடுத்து அட்டையில் வரிசையாக ஒட்டி வைத்திருக்கிறான்! குடிலுக்குள் கால் வைக்காமலே அத்தனை செடியும் நலம். என்னைக் கண்டதும், சும்மா சரிபார்க்கிறேன் அத்தான் என்றான். பாரு, பாரு என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். அன்றே முதலாளியிடம் ஓடியிருந்தால் அவரிடமும் அதையே சொல்லித் தப்பித்திருப்பான்.

அடுத்த வாரம் முதலாளி தன் புது வீட்டு முற்றத்துக்கென்று இரண்டாம் குடிலில் ஒரு மேடைச் செடிகள் முழுவதையும் லாரியில் ஏற்றச் சொன்னார். அன்று உன் மாமன் வெளியே போயிருந்தான், ஏற்றியது நான். வெளியே போகும் செடியைப் பதிவிலிருந்து கழிக்க வேண்டும், தெரியும். ஆனால் தொட்டி கழுவுகிறவன் கையில் டேப்லெட் ஏது? அவனிடமும் வாய் திறக்கவில்லை. ஒன்பது நாள் அந்த வெறும் மேடையைத் தாண்டும்போதெல்லாம் நெஞ்சு குளிர்ந்தது. பத்தாம் நாள் எல்லோரும் கூடியிருந்தபோது, ஐயா, உங்க வீட்டு முற்றத்துச் செடி எப்படியிருக்குன்னு டேப்லெட்ல பார்த்துடலாமா என்று கேட்டேன். ஒன்பது நாளும் நலம், ஈரம் போதுமானது என்று காட்டியது டேப்லெட். முதலாளி அவனை நிமிர்ந்து பார்த்து, தினம் என் வீட்டுக்கு வந்துட்டா போறே, ஒரு வாய் காப்பி குடிச்சிருக்கலாமே என்றார். குடிலே சிரித்தது. நான் மட்டும் சிரிக்கவில்லை, அவன் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நாற்காலி எனக்கு வந்தது. அவனை அனுப்பிவிடலாமா என்று முதலாளி கேட்டார். வேண்டாம், எனக்குக் கீழே இருக்கட்டும் என்று கேட்டு வாங்கினேன். அதை இரக்கம் என்று நினைத்து அன்று அம்மா என் தட்டில் இரண்டு கரண்டி அதிகமாகப் போட்டாள். அனுப்பிவிட்டால் ஒரே நாளில் முடிந்துபோகுமே, அது அவளுக்குப் புரியவில்லை. இப்போது உச்சி வெயிலில் பிளாஸ்டிக் கூரைக்குக் கீழே அவன் தட்டுத் தட்டாகக் குனிந்து, தொட்டுப் பார்த்து, ஸ்கேன் செய்கிறான். நான் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறேன். அவன் என் கூடப் பிறந்தவன், போதும் விட்டுடுங்க என்று அம்மா கேட்டுப் பார்த்தாள், பிறகு பேச்சை நிறுத்திவிட்டாள். நேற்று கடைசித் தட்டை முடித்து, சட்டை முதுகோடு ஒட்ட வந்து நின்று, இன்னும் எத்தனை நாளைக்கு அத்தான் என்றான். நடுவுல ஒண்ணு விட்டுட்டே, முதல்லேருந்து வா என்றேன். அவன் எதையும் விடவில்லை.

நீ நோய்நொடி இல்லாமல், யார் தயவும் தேவைப்படாமல் நிமிர்ந்து வாழ வேண்டும். தொண்டைக்குக் கொடுத்த மருந்தைப் பாதியில் நிறுத்தாதே. மாமன் போன் செய்தால் எடு, உன்னைத் தோளில் தூக்கித் திரிந்தவன், நலம் விசாரி. எனக்குப் பதிலாக மன்னித்துவிட்டேன் என்று மட்டும் சொல்லிவிடாதே.

உன் நலமே வேண்டும்
அப்பா