பேருந்து நிலையச் சுவரிலுள்ள என் முகத்தை மாற்றித் தர வேண்டி

அனுப்புநர்
இருசம்மாள், சித்தாள் வேலை,
கள்ளக்குறிச்சி.
(வீட்டு முகவரியைத் தாளில் எழுத அச்சமாக உள்ளது. தங்களிடம் நேரில் சொல்கிறேன்.)

பெறுநர்
மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
கள்ளக்குறிச்சி.

பொருள்: ஊர் வரலாற்றுச் சுவர் ஓவியத்தில் என் முகத்தை மாற்றவும், திறப்பு விழாவில் என்னை மேடையேற்றாதிருக்கவும் வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. நான் கல்வராயன் மலையைச் சேர்ந்தவள். என் கணவர் வேடியப்பன் குடித்துவிட்டு என்னைக் கொடுவாளால் வெட்டியதற்காகச் சிறைக்குப் போனார். நான் பிழைத்தெழுந்து, கைக்குழந்தையாக இருந்த மகள் பூமாலையுடன் திருக்கோவிலூரில் ஒளிந்து வாழ்ந்தேன். அவர் உள்ளே இருக்கும் தைரியத்தில் சென்ற ஆண்டுதான் கட்டட வேலைக்காக இங்கு வந்தேன்.

2. பேருந்து நிலையச் சுவரில் நம் ஊர்க் கதையை வரைய ஓவியக் குழுவினர் ஏற்பாடு செய்தபோது, அந்தச் சுவரைப் பூசிய வேலையில் நானும் இருந்தேன். கோமுகி அணை, கரும்பு வண்டி, மரச்சிற்பம் செதுக்குவோர் எல்லாம் வரைந்த பின் ஓவியர் தனசேகரன், "மலைக்காரங்க முகம் சரியா வரமாட்டேங்குது, கொஞ்சம் நில்லும்மா" என்றார். நின்றேன். கடுக்காய்க் கூடையோடு ஆள் உயரத்துக்கும் மேலே என்னையே வரைந்துவிட்டார். எங்கள் சனத்துக்கும் இந்தச் சுவரில் இடம் கிடைத்ததே என்று அன்று எனக்குச் சந்தோஷம்தான்.

3. பொங்கலுக்கு முன்பே என் கணவர் விடுதலையாகியிருக்கிறார். எனக்கு எவரும் தெரிவிக்கவில்லை. எங்கள் மலைக்குப் போகும் வெள்ளிமலைப் பேருந்து அந்தச் சுவருக்கு எதிரில்தான் நிற்கிறது. சென்ற வாரம் படத்தின் முன் வெகுநேரம் நின்ற ஒருவர், டீக்கடை கமலா அக்காவிடம், "இந்தப் பொம்பள எங்க வேல செய்யுது?" என்று கேட்டிருக்கிறார். தெரியாது என்றதும், "சிரிச்சிக்கினு நிக்கிறா பாரு" என்று சொல்லிப் போயிருக்கிறார். அவருக்கு ஒரு காதின் நுனி இல்லை என்று அக்கா சொன்னார். என் கணவருக்கும் அப்படித்தான். அது அவரேதான். அதன் பிறகும் அங்கே வந்து உட்காருகிறாராம்.

4. ஓவியரிடம் அழுதேன். குழு சொல்லாமல் சுவரில் கை வைக்க முடியாது என்று அவரும் வருந்தினார். குழுவினரோ வரும் வெள்ளிக்கிழமை விழாவில் என் பெயரைச் சொல்லிச் சால்வை போட்டு, பத்திரிகைக்குப் படம் எடுக்கப்போவதாகக் கூறுகின்றனர். வேண்டாம் என்றால், "இன்னாம்மா, மரியாத செய்றோம், பயப்படறியே" என்று சிரிக்கின்றனர்.

5. படத்தை அழிக்க நான் கேட்கவில்லை ஐயா. மலைப்பெண் அங்கேயே இருக்கட்டும். முகத்தை மட்டும் வேறொருத்தியுடையதாக மாற்றவும், என் பெயரையும் இருப்பிடத்தையும் எவருக்கும் சொல்லாதிருக்கவும், எங்களுக்குக் காவல்துறைப் பாதுகாப்பு அளிக்கவும் உத்தரவிட வேண்டுகிறேன்.

6. மகள் வளர்ந்த பின் அவளை என் கணவர் பார்த்ததில்லை. ஆனால் அவள் என்னை அப்படியே உரித்து வைத்திருக்கிறாள். பள்ளிக்கு அந்தச் சுவரைக் கடந்துதான் போக வேண்டும். துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொள் என்றால், "ஏம்மா மூடணும்? அது நம்ம படந்தானே, எல்லாரும் பாக்கட்டும்" என்கிறாள். காரணத்தை அவளிடம் நான் இன்னும் சொல்லவில்லை. இன்று பள்ளிக்கு அனுப்பாமல் கையோடு அழைத்து வந்துள்ளேன். தாங்கள் ஒரு வார்த்தை சொல்லும்வரை இருவரும் இந்த அலுவலக வாசலைவிட்டு வெளியே போகமாட்டோம்.

தங்கள் உத்தரவை எதிர்நோக்கும்,
(ஒப்பம்) இருசம்மாள்

இடம்: கள்ளக்குறிச்சி
நாள்: 06.02.2023